காலுக்கும் கல்விக்கும் பகையில்லை

(சித்தூரில் தமிழன்பர்கள் கூடிய அவையில் ஆற்றிய உரை)

 

2022ஆம் ஆண்டில் சித்தூர் ஒரு மாவட்டம், திருப்பதி ஒரு மாவட்டம் என்று நாம் பிரிந்தோம். வீட்டில் தமிழ் பேசுகிறோம், கடையில் தெலுங்கு பேசுகிறோம், பிள்ளைகளை ஆங்கிலத்தில் படிக்க வைக்கிறோம். எல்லை மாறலாம், மொழி மாறலாம். ஆனால் நம் எல்லோருக்கும் பொதுவாக ஒரு மலை இருக்கிறது. அந்த மலையை ஒருமுறையாவது நடந்து ஏறாதவர்கள் இந்த அவையில் எத்தனை பேர் இருப்பீர்கள்? கை தூக்கச் சொன்னால் ஐந்து கைகூட எழாது என்று நினைக்கிறேன்.

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் இதுதான்: உடல் உழைக்கும்போது மூளையில் என்ன நடக்கிறது? புதிய மூளை செல்கள் பிறக்கின்றனவா? நினைவாற்றல் கூடுகிறதா? நான் ஒரு மருத்துவன். மருத்துவனாகவே பேசுகிறேன், தெரிந்ததைத் தெரிந்தது என்றும், இன்னும் வாதத்தில் இருப்பதை வாதத்தில் இருப்பது என்றும் சொல்லிவிடுவேன்.

மலையடிவாரத்து அலிபிரியிலிருந்து தொடங்குவோம். அங்கிருந்து திருமலைக்கு ஏறத்தாழ 9 கிலோமீட்டர், 3,550 படிகள். சந்திரகிரிப் பக்கம், ஸ்ரீநிவாச மங்காபுரத்துக்கு அருகிலிருந்து ஏறும் ஸ்ரீவாரி மெட்டு, தூரத்தில் குறைவு, செங்குத்தில் அதிகம். அது 2,388 படிகள். 1944இல் முதல் மலைச்சாலை திறக்கப்படும் வரை, மேலே போனவர்கள் நடந்து போனார்கள். நடக்க முடியாதவர்களை டோலியில் தூக்கிப் போனார்கள். படிக்குப் படி மஞ்சளும் குங்குமமும் இட்டுக்கொண்டு குனிந்து நிமிர்ந்து ஏறும் பெண்களைப் பார்த்திருக்கிறீர்கள். மோகாள்ள மெட்டில் முழங்காலால் ஏறுகிறவர்களைப் பார்த்திருக்கிறீர்கள். காலி கோபுரம் வருவதற்குள் மூச்சு இரைக்கிறது. கெண்டைக்கால் கல்லாகிறது. இதயம் காதுக்குள் அடிக்கிறது. இதெல்லாம் நமக்குத் தெரியும். அந்த நேரத்தில் தலைக்குள் என்ன நடக்கிறது என்று நம்மில் யார் கேட்டோம்?

நம் மூளைக்குள், இரண்டு பக்கமும் காதுக்கு நேர் உள்ளே, கடல்குதிரை போல வளைந்த ஒரு பகுதி இருக்கிறது. ஹிப்போகாம்பஸ் என்பார்கள். இன்று காலை யாரிடம் என்ன பேசினோம், சாவியை எங்கே வைத்தோம், எந்த வழியாக வீட்டுக்குத் திரும்ப வேண்டும் என்பதை முதலில் வாங்கிக்கொள்வது அந்தப் பகுதி. மறதி நோய் வந்தவர்களுக்கு ஆரம்பத்திலேயே சுருங்கத் தொடங்குவதும் அதுதான்.

அதற்கு இன்னொரு நுட்பமான வேலையும் உண்டு. அலிபிரியில் ஏறுமுன் பையையும் செருப்பையும் கவுண்டரில் கொடுத்துச் சீட்டு வாங்குகிறோம். போன புரட்டாசியில் ஒரு கவுண்டர், இந்தப் புரட்டாசியில் வேறு கவுண்டர். அதே இடம், அதே கூட்டம், அதே கோவிந்த நாமம். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே அனுபவம். ஆனாலும் இது போன வருடம், இது இந்த வருடம் என்று குழப்பமில்லாமல் பிரித்துவைக்கிறோமே, எப்படி? ஹிப்போகாம்பஸின் வாசலில் இருக்கும் டென்டேட் ஜைரஸ் என்ற சிறு பகுதிக்கு இதில் பெரும்பங்கு உண்டு. ஒன்றுபோல் இருக்கும் நினைவுகளைத் தனித்தனியே பிரிப்பது அதன் வேலை. வயதில் வளர்ந்த பின்னும் புதிய நரம்பு செல்கள் பிறக்கும் இடம் என்று விஞ்ஞானம் கண்டதும் அந்த இடத்தைத்தான்!

பெரியோர்களே, இதைக் கண்டுபிடித்த கதை சற்று வேதனையான கதை. அதைச் சொல்லாமல் மேலே போக எனக்கு மனமில்லை.

1906இல் நோபல் பரிசு பெற்ற ஸ்பெயின் நாட்டு மேதை ரமோன் இ கஹால், வளர்ந்த மூளையின் நரம்புப் பாதைகள் முடிந்துபோனவை, அங்கே எல்லாம் இறக்கலாம், எதுவும் மறுபடி முளைக்காது என்ற கருத்தை விட்டுச் சென்றார். அவர் சொன்னால் யார் மறுப்பார்கள்? அரை நூற்றாண்டுக்கும் மேலாக அதுவே பாடமாக இருந்தது. ‘மூளை செல் செத்தால் செத்ததுதான்’ என்பதைத்தான் என் தலைமுறை மருத்துவர்களும் படித்தோம்.

1962இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஜோசப் ஆல்ட்மன் என்ற ஆராய்ச்சியாளர் ஒரு கேள்வி கேட்டார்: வளர்ந்த பாலூட்டிகளின் மூளையில் புதிய நரம்பு செல்கள் உண்டாகின்றனவா? செல் பிரியும்போது மட்டும் அதற்குள் போய்ச் சேரும் கதிரியக்கப் பொருளை எலிகளுக்குச் செலுத்திப் பார்த்தார். 1965இல், பிறந்து வளர்ந்த எலியின் ஹிப்போகாம்பஸில் புதிய செல்கள் உண்டாகின்றன என்று விரிவான கட்டுரை வெளியிட்டார். அந்தக் கட்டுரையில் அவரோடு சேர்ந்து நிற்கும் பெயர் என்ன தெரியுமா? கோபால் தாஸ்! நம் நாட்டுப் பெயர். உலகம் என்ன செய்தது? பெரும்பாலோர் நம்பவில்லை, பிறகு பேசவும் இல்லை. சரியான கண்டுபிடிப்பு ஏறக்குறைய முப்பது ஆண்டு நூலக அலமாரியில் கிடந்தது.

எலிக்குச் சரி, மனிதனுக்கு? மனிதனின் மூளையை வெட்டிப் பார்க்க முடியுமா? இங்கேதான் ஐந்து பேரை நாம் நன்றியோடு நினைக்க வேண்டும். அவர்கள் ஸ்வீடனில் இருந்த புற்றுநோயாளிகள். ஐம்பது வயதைத் தாண்டியவர்கள். கட்டி எவ்வளவு வேகமாக வளர்கிறது என்று அறிய, புதிதாகப் பிறக்கும் செல்லை அடையாளம் காட்டும் ஒரு மருந்து அவர்களுக்குச் செலுத்தப்பட்டிருந்தது. அந்த மருந்து கட்டியை மட்டுமா அடையாளம் காட்டும்? உடலில் எங்கே புது செல் பிறந்தாலும் காட்டும். அவர்கள் இறந்த பிறகு மூளையைப் பரிசோதித்தபோது ஹிப்போகாம்பஸில் அந்த அடையாளம் இருந்தது. பீட்டர் எரிக்சன், பிரெட் கேஜ் குழுவினர் 1998இல் இதை வெளியிட்டார்கள். சாவை எதிர்நோக்கியிருந்த மனிதர்களின் மூளையிலும் புதிய செல் பிறந்துகொண்டிருந்தது. இந்த ஒரு செய்தியை நான் எத்தனை முறை படித்தாலும் என் உடல் சிலிர்க்கிறது.

சரி, செல் பிறக்கிறது. ஓட்டத்துக்கும் நடைக்கும் இதில் என்ன வேலை?

மறு ஆண்டே, 1999இல், அதே கேஜின் ஆய்வகத்தில் ஹென்ரியெட் வான் பிராக் ஒரு சோதனை செய்தார். சில சுண்டெலிகளின் கூண்டில் ஒரு சுழல் சக்கரம் வைத்தார்கள். அவ்வளவுதான்! ஓடு என்று யாரும் அடிக்கவில்லை. எலிகள் தாமாகவே ஏறி ஓடின. ஒவ்வோர் இரவும் கிலோமீட்டர் கணக்கில் ஓடின. சக்கரம் இல்லாத கூண்டு எலிகளோடு ஒப்பிட்டால், ஓடிய எலிகளின் டென்டேட் ஜைரஸில் பிழைத்து நின்ற புது செல்கள் ஏறத்தாழ இரண்டு மடங்கு. கலங்கிய நீர்த்தொட்டியில் மறைந்திருக்கும் மேடையைத் தேடிப் பிடிக்கும் சோதனையிலும் அவையே விரைவாகக் கற்றன. பின்னர், 2005இல், கிழட்டு எலிகளை ஓட விட்டார்கள். அவற்றிடமும் பலன் இருந்தது. வயதாகிவிட்டது, இனி என்ன என்று சொல்லும் என் தாய்மார்களே, இதைக் கொஞ்சம் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஓடுவது கால், பிறப்பது தலையில். இரண்டுக்கும் நடுவே சேதி கொண்டு போவது யார்? ரத்தம்! தசை உழைக்கும்போது அது சும்மா சுருங்கி விரிவதில்லை. சில புரதங்களை ரத்தத்தில் விடுகிறது. ஐரிசின் அதில் ஒன்று, கத்தெப்சின்-பி இன்னொன்று. மூளைக்குள் பி.டி.என்.எஃப். என்ற வளர்ச்சிப் பொருள் கூடுகிறது. இளம் நரம்பு செல் பிழைக்கவும் கிளை விடவும் அது உதவுகிறது. 2020இல் கலிஃபோர்னியாவில் சவுல் வில்லேடா குழுவினர், ஓடிய எலிகளின் ரத்தப் பிளாஸ்மாவை எடுத்து, ஓடாத கிழட்டு எலிகளுக்கு ஏற்றினார்கள். ஓடாத எலிகளின் மூளையிலும் புது செல்கள் கூடின, கற்கும் திறன் தேறியது. காரணமான பொருள்களில் ஒன்று கல்லீரலில் உண்டாவது என்றும் கண்டார்கள். கால் உழைக்கிறது, கல்லீரல் அறிகிறது, மூளை வளர்கிறது. உடம்பு வேறு, படிப்பு வேறு என்று எந்தப் பள்ளியில் நமக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்?

வாதத்தையும் சொல்லிவிடுகிறேன் என்றேனே, அதற்கு வருகிறேன். 2013இல் ஸ்வீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்தார், அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கலந்த கார்பன்-14ஐ அளவுகோலாக வைத்து, மனிதரின் ஒவ்வொரு ஹிப்போகாம்பஸிலும் நாளொன்றுக்குச் சுமார் 700 புதிய நரம்பு செல்கள் சேர்கின்றன என்று கணக்கிட்டார்கள். 2018இல் சான் பிரான்சிஸ்கோ குழு ஒன்று, சிறுவயது தாண்டினால் மனிதரிடம் புது செல்லே தென்படவில்லை என்றது. அதே ஆண்டு கொலம்பியா பல்கலைக்கழகக் குழு, 79 வயதுவரை தென்படுகிறது என்றது. 2025இல் கரோலின்ஸ்காவினர், புதிய செல்லைப் பிறப்பிக்கும் தாய் செல்கள் வளர்ந்த மனிதரிடமும் இருக்கின்றன என்றும், ஆளுக்கு ஆள் அது பெரிதும் வேறுபடுகிறது என்றும் காட்டினார்கள். நான் எந்தப் பக்கம்? பிறக்கின்றன என்ற பக்கம்தான் எனக்குச் சான்று வலுவாகத் தெரிகிறது. எவ்வளவு என்பதில் வாதம் தொடரட்டும்.

புது செல்லை எண்ணுவதை விட்டுவிட்டு, நடந்தவர்களின் ஹிப்போகாம்பஸையே அளந்து பார்த்தவர்களும் உண்டு. 2011இல் கிர்க் எரிக்சன் குழுவினர் வெளியிட்ட ஆய்வில் 120 முதியோர் கலந்துகொண்டார்கள். பாதிப் பேர் வாரத்தில் மூன்று நாள், நாளுக்கு 40 நிமிடம் நடந்தார்கள். மறுபாதி கைகாலை நீட்டி மடக்கும் எளிய பயிற்சி செய்தார்கள். ஒரு வருடம் கழித்து ஸ்கேன் எடுத்தால், நடக்காதவர்களின் ஹிப்போகாம்பஸ் 1.4 சதவீதம் சுருங்கியிருந்தது. வயதானால் சுருங்கும், இயல்பு. நடந்தவர்களுக்கோ 2 சதவீதம் வளர்ந்திருந்தது! அந்த வளர்ச்சி முழுவதும் புது செல் என்று சொல்லிவிட முடியாது. ரத்தநாளம், நரம்புக் கிளை எல்லாம் அதில் சேரும். பின்னால் வந்த ஆய்வுகள் எல்லாம் இதே பலனைக் காணவும் இல்லை. ஆனாலும் அவர்கள் செய்தது என்ன? மருந்தா சாப்பிட்டார்கள்? நடந்தார்கள்.

இப்போது நம் ஊர்ப்பக்கம் திரும்புவோம். இங்கேதான் எனக்கு நெஞ்சு கனக்கிறது.

இந்தியா முழுவதும் எடுத்த பெரிய ஆய்வு ஒன்று 2023இல் வெளிவந்தது. அறுபது வயது தாண்டியவர்களில் 7.4 சதவீதத்தினருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு, மறதி நோய் இருப்பதாக அது மதிப்பிட்டது. நகரத்தைவிடக் கிராமத்தில் அதிகம். ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். யோசித்துப் பாருங்கள்! நடந்தால் நினைவு வளரும் என்று இவ்வளவு நேரம் சொன்னேன். நம் கிராமத்துப் பெண்களைவிட அதிகம் நடந்தவர் யார்? நிலக்கடலைக் காட்டில் குனிந்து களை பறித்தார்கள். இடுப்பில் குடம், தலையில் புல்லுக்கட்டு. அவர்கள் கால் என்றைக்கு ஓய்ந்தது? பிறகு ஏன் அவர்களுக்கு அதிகமாக மறக்கிறது?

இந்தக் கேள்வியைத் தாண்டிப் போனால் நான் உங்களுக்குப் பாதி உண்மையைத்தான் சொன்னவனாவேன். காரணங்கள் பல: சத்துக்குறைவு, சிகிச்சை பெறாத ரத்த அழுத்தம், சர்க்கரை. ஆனால் அந்த ஆய்விலேயே பளிச்சென்று தெரியும் ஒன்று, கல்வி. பள்ளிக்கூடம் போகாதவர்களிடம் மறதி நோய் அதிகம்.

மறுபடி எலிகளிடம் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். 1999இல் எலிசபெத் கூல்ட், டிரேசி ஷோர்ஸ் குழுவினர் ஒன்றைக் கண்டார்கள். புதிதாகப் பிறக்கும் செல்களில் பெரும்பகுதி சில வாரங்களில் மடிந்துவிடும். எவை பிழைக்கின்றன? அந்தச் சில வாரங்களுக்குள் எலி கடினமான ஒன்றைப் புதிதாகக் கற்றால், மடிய இருந்தவற்றில் பல பிழைக்கின்றன. நாற்றங்காலில் நாற்று விடுவது கால். அதைப் பிடுங்கிக் கழனியில் நடுவது கல்வி. நாற்று விட்டும் நடாவிட்டால் நாற்றங்காலிலேயே பழுத்துப்போகும். நாற்றே விடாமல் கழனியை எத்தனை உழவு உழுது என்ன பயன்?

நம் பாட்டிமார்களுக்கு உழைப்புக் கிடைத்தது. புத்தகத்தை நாம் கொடுக்கவில்லை. அவர்கள் பேத்திகளுக்கு நாம் என்ன செய்கிறோம்? புத்தகத்தைக் கொடுத்தோம், காலைக் கட்டிப்போட்டோம்!

பெற்றோர்களே, கோபிக்காமல் கேளுங்கள். பத்தாம் வகுப்பு முடிந்ததும் பிள்ளையை எங்கே சேர்க்கிறோம்? கணக்குப் பிரிவான எம்.பி.சி.யா, உயிரியல் பிரிவான பை.பி.சி.யா என்று கேட்கிறோம். ஜேஇஇ ரேங்க் எத்தனை, நீட் சீட்டு எத்தனை என்று கேட்கிறோம். மைதானம் எங்கே என்று எத்தனை பேர் கேட்டோம்? அடுக்குமாடிக் கட்டடத்தில் காலேஜ், அதே கட்டடத்தில் ஹாஸ்டல். விடியுமுன் தொடங்குகிற ஸ்டடி ஹவர், இரவு வரை நீள்கிறது. வகுப்புக்கும் படுக்கைக்கும் நடுவே ஒரு மாடிப்படி. பதினாறு வயதுப் பிள்ளை, ஓட வேண்டிய வயது, நாளெல்லாம் பெஞ்சில்! எதற்காக? நன்றாக மனப்பாடம் ஆக வேண்டும் என்பதற்காக. மனப்பாடத்துக்கு உரிய உறுப்புக்கு எது உணவோ, அதையே பிடுங்கிவிட்டு!

இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஒன்பது, பத்து வயதுக் குழந்தைகளைச் சோதித்தார்கள். 20 நிமிடம் நடந்துவிட்டு வந்து உட்கார்ந்த குழந்தைகளுக்கு, சும்மா உட்கார்ந்திருந்தபோது இருந்ததைவிடக் கவனம் நன்றாக இருந்தது. அதே பல்கலைக்கழகத்தில் 2010இல் வெளிவந்த இன்னோர் ஆய்வில், உடல்திடம் மிக்க குழந்தைகளுக்கு ஹிப்போகாம்பஸ் பெரிதாக இருந்தது. ஒன்றோடொன்றைத் தொடர்புபடுத்தி நினைவில் வைக்கும் சோதனையிலும் அவர்களே மேல். பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கு நாளுக்குச் சராசரியாக 60 நிமிடம் உடல் உழைப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். உலகில் 11 முதல் 17 வயதுள்ளவர்களில் நூற்றுக்கு 81 பேருக்கு அது கிடைக்கவில்லை.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. ஓயாத மன அழுத்தம் புது செல் பிறப்பதையே குறைக்கிறது என்பது விலங்குகளில் பலமுறை கண்ட உண்மை. மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் விதிதா வைத்யா, மன அழுத்தமும் உணர்ச்சியும் மூளையை எப்படி மாற்றுகின்றன என்று பல ஆண்டுகளாக ஆராய்ந்து, 2022இல் இன்ஃபோசிஸ் பரிசு பெற்றிருக்கிறார். ஓட்டத்தை நிறுத்துகிறோம், அழுத்தத்தை ஏற்றுகிறோம். ஒரே நேரத்தில் இரண்டு கையாலும் அடிக்கிறோம்.

மனப்பாடம் வேண்டாம் என்கிறேனா? ஒருநாளும் இல்லை! மனப்பாடத்தைக் கும்பிடுகிறவன் நான். திருமலையில் மார்கழி மாதம் சுப்ரபாதத்துக்குப் பதிலாகத் திருப்பாவை ஒலிக்கிறது; ஏடு பார்க்காமல் நெஞ்சிலிருந்து ஓதும் மரபு அது. தர்மகிரி வேத பாடசாலையில் சிறுவர்கள் கேட்டுக் கேட்டே கற்கிறார்கள். 2016இல் வெளிவந்த ஓர் ஆய்வில், சிறுவயது முதல் யஜுர்வேதம் மனப்பாடம் செய்த 21 பண்டிதர்களை ஸ்கேன் செய்தார்கள். மூளையின் பல பகுதிகளிலும், வலப்பக்க ஹிப்போகாம்பஸிலும், மற்றவர்களைவிடச் சாம்பல் பொருள் அதிகம் இருந்தது. கற்பது மூளையின் வடிவத்தோடு சேர்ந்தே போகிறது. அதனால்தான் கெஞ்சுகிறேன், கற்கும் பிள்ளைக்குக் காலை விட்டுவையுங்கள்.

முடியாத காரியமா? மதனப்பள்ளிக்கு அருகே ரிஷிவேலி இருக்கிறதே! 1895இல் மதனப்பள்ளியில் பிறந்த ஜே. கிருஷ்ணமூர்த்தி உண்டாக்கிய பள்ளி. குன்றுகளுக்கு நடுவே பிள்ளைகள் தினமும் விளையாடுகிறார்கள். அங்கே படித்தவர்கள் யாருக்கும் குறைந்தவர்கள் இல்லை. அவ்வளவு இடம் நம் ஊர்ப் பள்ளிகளுக்குக் கிடையாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மைதானம் இருக்கும் அரசுப் பள்ளியிலும் பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியார் எடுத்துக்கொள்கிறாரே, அதற்கு இடம் காரணமா?

முதியோர்களுக்கு ஒரு வார்த்தை. நமக்கு மேற்கே, ஆந்திர எல்லையை ஒட்டிய கோலார் மாவட்டத்து ஸ்ரீநிவாசபுராவில், பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் மூளை ஆய்வு மையம் 45 வயது தாண்டிய பத்தாயிரம் கிராமத்து மக்களை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து பரிசோதிக்கும் ஆய்வைத் தொடங்கியிருக்கிறது. அவர்கள் மண்ணும் நம் மண்ணும் ஒன்று, களியும் கடலையும் ஒன்று. அங்கே கிடைக்கும் விடை நமக்கும் விடை. அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. இந்தியாவில் பெரியவர்களில் பாதிப் பேர் போதிய அளவு உடல் உழைப்பு இல்லாதவர்கள் என்று 2024இல் கணக்கு வந்திருக்கிறது. பெண்களில் நூற்றுக்கு 57 பேர். வாரத்துக்கு 150 நிமிடம் விறுவிறுப்பாக நடந்தால் போதும். புரட்டாசியில் ஒருநாள் 3,550 படி ஏறிவிட்டு மீதி வருடம் உட்கார்ந்திருந்தால் புண்ணியம் உண்டு, நினைவுக்குப் பலன் கொஞ்சம்தான். மலையேற நினைப்பவர்கள் ஆடி மாதமே தெருவில் நடக்கத் தொடங்குங்கள். இதயநோய், ஆஸ்துமா, சர்க்கரை உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டு ஏறுங்கள். நடந்து முடித்ததும் தொலைக்காட்சி முன் உட்காராதீர்கள். பேத்தியிடம் தெலுங்கு எழுத்துக் கற்றுக்கொள்ளுங்கள். தமிழ் எழுத்து அவளுக்குக் கற்றுக்கொடுங்கள்.

இந்த ஊரில் பள்ளிகள் நடத்துகிறவர்கள் சிலர் இந்த அவையில் இருக்கிறீர்கள். உங்களிடம் என் விண்ணப்பம் ஒன்றே: பத்தாம் வகுப்புக்கும் இன்டர் வகுப்புகளுக்கும் தினம் ஒரு மணி நேரம் விளையாட்டை டைம்டேபிளில் போடுங்கள், பரீட்சை மாதத்திலும் அதை எடுக்காதீர்கள். பெற்றோர்களே, அடுத்த பெற்றோர் கூட்டத்தில் மார்க் ஷீட்டில் கையெழுத்துப் போடுமுன், என் பிள்ளை இன்று எத்தனை மணிக்கு ஓடினான், என் பெண் எங்கே விளையாடினாள் என்று எழுந்து நின்று கேளுங்கள். பதில் வரும்வரை உட்காராதீர்கள்.